ஒன்பதாம் பக்கத்தில் செத்த தங்கச்சி

சிறுவர்களுக்கென்று முப்பது புத்தகங்களுக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் கிடையாது.

சங்கரன்கோவிலில் கோயில் வாசலை ஒட்டிப் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சூடம், பத்தி, குங்குமம், சாமி படம், அப்புறம் எங்கள் ஊர் கோயிலுக்கே உரிய பாம்புத் தகடு, தேள் தகடு. பூச்சி பொட்டு கடித்துப் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு வந்து அந்தத் தகட்டை உண்டியலில் போடுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். சிவகாசியிலிருந்து சாமி படம் கொண்டுவந்து போடுகிறவர் ஒருநாள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, சிறுவர் புத்தகம் போடுகிற ஒருவரிடம் காட்டினார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் எழுதியதெல்லாம் மாயக் கதைகள். பறக்கும் கட்டில், மலைக்குள்ளே ஏழு வாசல் வைத்த ஊர், ராஜாவுக்குப் புத்தி சொல்லும் உடும்பு. பிறகு பதிப்பாளர், நாட்டுக்கு நல்லது செய்தவர்களின் வாழ்க்கை வரலாறுகளை நாற்பத்தெட்டுப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். பெயர் விஷயம் வந்தபோது அவர் சிரித்தார்.

"அண்ணாச்சி, தகடு விக்கிறவர் பேரைப் போட்டா எந்த ஸ்கூல்ல வாங்குவாங்க? நானே ஒரு பேர் வைக்கிறேன்."

வைத்தார். அதற்கு முன்னால் 'புலவர்' என்றும் சேர்த்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் அட்டையில் அதைப் பார்த்தபோது உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கு மட்டும் தெரியும். கோபம் வந்தால் அவள், "புலவருக்குத் தோசை இன்னொண்ணு வைக்கவா?" என்பாள்.

மாயக் கதையில் யாரை வேண்டுமானாலும் சாகடிக்கலாம், யாரை வேண்டுமானாலும் பறக்கவிடலாம். ஏன் என்று கேட்க ஆள் வராது. உண்மையாக வாழ்ந்தவர்களை எழுதும்போது அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் முன்பு ஒரு கம்பவுண்டர் இருந்தார். சைக்கிளில் ஒரு தோல் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். தேள் கொட்டினாலும் பாம்பு கடித்தாலும் முதலுதவி செய்து, தானே கேரியரில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றியும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று நான்தான் பதிப்பாளரிடம் சொன்னேன். அந்தக் கிராமத்துக்குப் போய் டீக்கடையில் இரண்டு பெரியவர்களிடம் விசாரித்து எழுதினேன். அதுவரை எல்லாம் சரி.

எழுதி அனுப்பியதும் பதிப்பாளர் போன் செய்தார். "சின்ன வயசுச் சம்பவம் ஒண்ணு வேணும் அண்ணாச்சி. இவர் ஏன் கம்பவுண்டர் ஆனாரு? பிள்ளைக அதைப் படிச்சு அழணும்."

டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "அவன் தங்கச்சிய நாலு வயசுல தேள் கொட்டிட்டு. செந்தேளு. அந்தப் பிள்ளை பிழைச்சுதோ என்னமோ, எனக்குத் தெரியலவே. கரிவலத்துல அவனுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, அங்கன போய்க் கேளும்."

கரிவலம்வந்தநல்லூர் சங்கரன்கோவிலிலிருந்து பக்கம்தான். பஸ் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். நான் போகவில்லை. காரணம் சோம்பல் இல்லை. போய்க் கேட்டால் அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பிழைத்துவிட்டால் கதை கெட்டுவிடுமே.

ஆனால் மனசு உறுத்தியது. அதனால் ஒரு காரியம் செய்தேன். பூக்கட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் மல்லிகை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் சன்னதியில் போட்டு, அங்கே நிற்கிற ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்ல வேண்டும். மல்லிகை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். "தாயே, அந்தத் தங்கச்சி செத்ததாக எழுதட்டுமா?" என்று கேட்டேன். அரளி வந்தது. பிள்ளை அவசரத்தில் எடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மறுநாள் மறுபடியும் போட்டேன். அதே அரளி. வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை. மல்லிகை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

பஸ் ஏறிப் போய் மனுசர்களிடம் கேட்க வேண்டியதை அம்மனிடம் கேட்டேன். அவள் இரண்டு தடவை சொன்ன பதிலையும் காதில் வாங்கவில்லை. இப்போது சன்னதியில் நிற்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாதத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒன்பதாம் பக்கத்தில் அந்தத் தங்கச்சி செத்தாள். சும்மா சாகவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். மந்திரித்தால் இறங்கிவிடும் என்று வீட்டிலேயே கிடத்துகிறார். அண்ணன் அவர் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். தங்கச்சி அவன் மடியிலேயே கண்ணை மூடுகிறாள். அன்றைக்குச் சபதம் எடுக்கிறான். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அப்பாவின் பெயரையும் ஊரின் பெயரையும் விசாரித்தபடியே போட்டிருந்தேன்.

புத்தகம் நன்றாகப் போனது. பள்ளிக்கூட நூலகங்களுக்கு வாங்கினார்கள். பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து சொல்கிறார்கள் என்று பதிப்பாளர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு ஓர் அம்மா வந்தார். வருஷா வருஷம் ஆடி மாதம் வந்து தேள் தகடு வாங்கிப்போகிறவர். எழுபது வயதிருக்கும். கரிவலத்துக்காரர் என்பது தெரியும், அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. அக்கா என்று கூப்பிடுவேன். அன்றைக்கு ஆடியும் இல்லை, தகடும் கேட்கவில்லை. கூட ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. அந்தப் பிள்ளை கையில் என் புத்தகம்.

"ஏ தம்பி, உன் கையெழுத்து நல்லா இருக்கும்லா? ஒரு கடுதாசி எழுதித் தரணும்."

"யாருக்குக்கா?"

"இந்தப் புஸ்தகம் எழுதுன புலவருக்கு."

ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ ஸ்கூல்ல போட்டி வச்சாங்க. என்னையும் வந்து பாருன்னு கூட்டிட்டுப் போனா. போய் உக்காந்தா, மேடையில எங்க ஊர் பேரச் சொல்லுதா, எங்கப்பா பேரச் சொல்லுதா, எங்கண்ணன் பேரச் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் ஓடல. கடைசில தங்கச்சி செத்துட்டாள்னு அழுதுக்கிட்டு நிக்கா. எல்லாரும் கைதட்டுதாங்க. தம்பி, அந்தத் தங்கச்சி நாந்தான்."

பேத்தி குனிந்துகொண்டு சொன்னாள். "ஃபர்ஸ்ட் பிரைஸ் தந்தாங்க ஆச்சி."

"தருவாங்க ஏட்டி. என்னையக் கொன்னதுக்கு டிபன் பாக்ஸ் தந்திருக்காங்க."

நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பேனாவைத் தேடினேன்.

"நான் செத்தது இருக்கட்டும். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, என்னைக்கா இருந்தாலும் போறவதான். எங்கப்பாவ இப்படி எழுதலாமா? பிள்ளையப் போட்டு வச்சுக் கொன்னவருன்னு? என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்த ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியாந்த மனுசன். செருப்பு கூடப் போடல. இவ நாளைக்கு இவ பிள்ளைகட்டயும் அப்படித்தான சொல்லுவா? அந்தப் பக்கத்த மாத்தச் சொல்லணும் தம்பி. நான் கண்ண மூடுதுக்குள்ள மாத்தணும்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூலுக்கும் என் மேசைக்கும் ஒரு முழம் தூரம். சொல்லவில்லை. காகிதத்தை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, எனக்கு நானே கடிதம் எழுதினேன். 'மரியாதைக்குரிய புலவர் ஐயா அவர்களுக்கு. நான் சாகவில்லை' என்று அது ஆரம்பித்தது. 'மரியாதைக்குரிய' என்பதை முதலில் நான் எழுதாமல் விட்டேன். அவர் திருப்பி வாசிக்கச் சொன்னபோது கண்டுபிடித்துவிட்டார்.

"பெரிய மனுசங்களுக்கு எழுதும்போது மரியாதை வேணும்லா. போடு."

போட்டேன். பதில் உன் கடைக்கே வரட்டும், போஸ்ட்மேன் எங்கள் தெருவில் சரியாகத் தருவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதிப்பக முகவரி எழுதிக் கடிதத்தை நானே தபால் பெட்டியில் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம், அந்த அளவுக்கு அயோக்கியனாக முடியவில்லை. நான்கு நாள் கழித்துப் பதிப்பாளர் போன் செய்தார். "என்ன அண்ணாச்சி, செத்தவங்க கடுதாசி போட்டிருக்காங்க!" என்று சிரித்தார். பிறகு அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒரு நாலு வரி எழுதிருங்க. கற்பனை கலந்ததுதான், வருந்துகிறோம்னு. புலவர்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

வீட்டில் உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதினேன். என் மனைவி பின்னால் நின்று படித்தாள்.

"இதையும் அந்த அக்கா ஒங்க கடைக்கு வந்து ஒங்களைத்தான படிக்கச் சொல்லுவாங்க?"

"ஆமா."

"நீங்களே எழுதி நீங்களே படிச்சுக் காட்டுவியளோ? நாளு கிழமைன்னா கோயில்ல முதல் ஆளா நிக்கியளே, கூசலையா?"

காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்காக உண்மையைப் போய்ச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் செய்யாமல் சும்மா இருந்தேன்.

அந்த அக்கா வந்தார். "பதில் வந்துச்சா தம்பி?" இன்னும் வரவில்லை என்றேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். முழங்கால் வலியோடு பஸ் ஏறி வருகிறவர். மூன்றாம் தடவை வந்தபோது கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. கோயிலுக்குள் போய்விட்டு வருகிறார். நெற்றியில் திருநீறு, புற்றுமண்.

"இன்னும் வரலையாக்கும்?"

"வரலக்கா."

"நானும் யோசிச்சேன் தம்பி. பெரிய ஆளு, வேணும்னு பதில் போடாம இருக்க மாட்டாரு. ஒடம்புக்கு என்னமும் முடியலையோ என்னமோ. அதான் அம்மனுக்கு நெய்விளக்குப் போட்டுட்டு வாரேன். அவரு பேருக்கு அர்ச்சனையும் பண்ணியாச்சு. நட்சத்திரம் தெரியாது, சாமி பேருக்கே பண்ணிருங்கன்னு ஐயர்ட்டச் சொன்னேன். இந்தா, பிரசாதம் எடுத்துக்கோ."

கையை நீட்ட முடியவில்லை.

"அக்கா, அந்தப் புலவர் நாந்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "போ தம்பி. நீ தகடு விக்கவம்லா."

சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்த விளையாடுகிறேன் என்று நினைத்தார். கல்லாவுக்குக் கீழே இருந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். பென்சிலில் அடித்தும் திருத்தியும் எழுதிய அந்தப் பக்கம் அதில் இருந்தது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடையில் சூடம் கேட்டு ஒருவர் வந்து நின்றார். நான் கவனிக்காததால் அவரும் போய்விட்டார்.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அன்னைக்கு நான் சொல்லச் சொல்லக் கடுதாசி எழுதுனியே, அப்பவே ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

"ரெண்டு வாட்டி நான் வந்து கேட்டப்பவும் தெரியும்?"

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு, படியில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கிப் போனார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. நானும் மனைவியும் கரிவலம் போனோம். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அக்கா வாசலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதைக் கண்டதும் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"வாம்மா. இவரு ஒனக்குச் சொந்தமா? பாவம்."

"கட்டிக்கிட்டேனே அக்கா, என்ன செய்ய" என்றாள் என் மனைவி. அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? இவ ஸ்கூல்ல முன்னூறு பிள்ளைக கேட்டிருக்கு. அங்கன வந்து நீ சொல்லணும், எழுதுனது நாந்தான், அது பொய்யின்னு. சொல்லுவியா?"

பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். புலவர் என்று போட்டுக்கொண்ட பத்தாங்கிளாஸ்காரன், அம்மன் வாசலில் உட்கார்ந்துகொண்டு புளுகியவன். ஆனாலும் சொல்லுவேன் என்றேன்.

"அப்ப நடந்தத நான் சொல்லுதேன், அப்படியே எழுது. அதையே படி."

நோட்டை விரித்தேன். அவருக்கு அப்போது நாலு வயது. பாதியை அம்மா சொல்லிக் கேட்டது என்றார். விறகுக்காகக் காய்ந்த பருத்திமார் அடுக்கியிருந்த இடத்தில் தேள் கொட்டியது. உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்துபோனது. வாயில் நுரை. அப்பா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட ஆரம்பித்தார். அண்ணனுக்குப் பதினைந்து வயது. அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினான். சங்கரன்கோவில் வந்து சேரும்வரை அப்பா நிற்கவும் இல்லை, செருப்பைப் போடவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தங்கச்சியைக் கிடத்தி மருந்து கொடுத்தபோது, அண்ணன் மருந்து கலக்குகிற கம்பவுண்டரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிள்ளை கண்ணைத் திறந்த பிறகும் அந்தக் கையைப் பார்ப்பதை அவன் விடவில்லையாம்.

நான் பயந்த உண்மை இதுதான். இதைக் கேட்கத்தான் பஸ் ஏறாமல் இருந்தேன்.

அக்கா எழுந்து போய் வாசலில் காய்கிற வற்றலைக் கிளறிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"சொல்லுங்க அக்கா."

"கொட்டுன ஒடனே எங்கப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடல. பக்கத்துத் தெருவுல மந்திரிக்கவரு ஒருத்தர் இருந்தாரு. அங்கதான் முதல்ல தூக்கிட்டுப் போனாரு. வேப்பங்கொலை வச்சு அடிச்சாங்க. ஒரு அரை மணி நேரம் போயிட்டு. அப்புறந்தான் நுரை தள்ளுதப் பாத்துட்டு ஓடியாந்தது. அந்த அரை மணி நேரத்த எங்கப்பா சாகுத வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாரு."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். "அது எதுக்குக்கா? விட்ருவோம். அப்பா நேரா ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடினார்னு இருக்கட்டும். அவர் பேரு இன்னும் நல்லா இருக்கும்லா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மறுபடியும் ஒன் வேலையக் காட்டுதியா?"

என் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் அந்த இடத்திலேயே பூமிக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் அப்பா பெயருக்காக இத்தனை தடவை பஸ் ஏறியவர், அந்த அப்பாவுக்குக் குறைவு வருகிற சங்கதியைத் தானே எடுத்துத் தருகிறார். எனக்கு அப்போதும் அதை மூடத்தான் கை போகிறது.

"எழுது" என்றார். "நடந்தது நடந்தபடி. எங்கப்பாவுக்கு அது போதும்."

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசத் தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்தார். பதிப்பாளரிடம் அதற்கு முன்பே பேசியிருந்தேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை மாற்றுவதாகவும், கையிருப்பில் திருத்தம் ஒட்டுவதாகவும் சொன்னார். ஏற்கெனவே நூலகங்களுக்குப் போனவற்றை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு பிள்ளை இப்போதும் அதைப் படித்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் வரிசையாக மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு நாற்காலியில் ஓரமாக. என் பெயரைச் சொன்னேன். கடையைச் சொன்னேன். புலவர் இல்லை என்றேன். அந்தப் பக்கம் நான் கட்டிய பொய், யாரையும் கேட்காமல் எழுதினேன் என்றேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"அப்போ தங்கச்சி சாகலையா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, இந்தா இருக்கேன் பாரு, குத்துக்கல்லு மாதிரி."

பள்ளிக்கூடமே சிரித்தது. பேத்தி மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் நான் நோட்டை விரித்து வாசித்தேன். மந்திரிக்கிறவர் வீடு வந்தபோது வாசிப்பதை நிறுத்தினேன். ஒரு வரியைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கண் தானாக ஓரத்துக்குப் போனது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, கை இரண்டையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அரை மணி நேரத்தையும் வாசித்தேன்.